கருணையும் சாதி எதிர்ப்பும்: ஒரு மறுப்பு

கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நடைபெறும் சமூக விழா மேடைகளில், வெறுப்பால் சாதி ஒழியாது, கருணையால்தான் ஒழியும் என்னும் வாசகம் பல ஆண்டுகளாகத் தவறாமல் ஒலித்து வருகிறது. சாதி எதிர்ப்பு இயக்கம் பகையில் பிறந்தது என்றும், அதன் சிந்தனை மேலைநாட்டாரிடம் இரவல் வாங்கியது என்றும், மலாயாவுக்குக் கப்பலேறிய நாளிலேயே தமிழரிடம் சாதி கரைந்துவிட்டதால் அந்தப் பேச்சே இங்கு வேண்டாதது என்றும் பேசுவோர் அதை விரித்துரைக்க, அவையும் கைதட்டி ஏற்றுக்கொள்கிறது. வரலாற்றின் முன் இவற்றுள் ஒன்றும் நிற்பதில்லை.

கப்பல் வாதத்துக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரையே ஊருக்கு அனுப்பி உற்றார் ஊராரைத் திரட்டிவரச் செய்த கங்காணி முறை, ஊரையும் சாதியையும் சேர்த்தேதான் இறக்குமதி செய்தது. பல தோட்டங்களில் ஆதிதிராவிடர் லயங்கள் தனியே ஒதுக்கப்பட்டிருந்தன. பெண் பார்க்கும் பேச்சில் சாதி கேட்கும் வழக்கம் இன்றும் ஒழியவில்லை. மலேசிய இந்தியத் தமிழரின் சாதி உணர்வைப் பற்றி இராஜகிருஷ்ணன் இராமசாமி 1984இல் வெளியிட்ட நூலைப் புரட்டுவோர் எவரும் இந்த வாதத்தை மீண்டும் சொல்லத் துணியமாட்டார்.

இரவல் சிந்தனை என்னும் குற்றச்சாட்டு, அயோத்திதாசரைப் படியாதவர் மட்டுமே சொல்லக்கூடியது. 1845இல் பிறந்து 1914இல் மறைந்த அவர், சித்த மருத்துவராக வாழ்ந்தபடியே 1891இல் திராவிட மகாஜன சபையையும் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தையும் தோற்றுவித்து, 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். தாழ்த்தப்பட்டோர் முன்னாள் பௌத்தர் என்னும் தம் கருத்தை நிறுவ அவர் தேடிச் சென்ற சான்றுகள் திருக்குறளும் மணிமேகலையும் நிகண்டுகளும் மக்கள் வழக்காறுகளுமே ஆகும். திருக்குறள் ஏட்டுச்சுவடி ஆங்கிலேய அதிகாரி எல்லிசின் கைக்குச் சேர்ந்தது தம் பாட்டனார் கந்தப்பன் வழியாகவே என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். அந்த இதழ் கோலார் தங்கவயல் தொழிலாளரையும் ரங்கூன் தமிழரையும் எட்டியது. அயோத்திதாசரின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் 1999இல் தொகுத்து வெளியிடும்வரை தமிழ்ப் புலமையுலகம் ஏறத்தாழ மறந்தே கிடந்தது. மறக்கப்பட்டதை இல்லாதது என்று சொல்வது நேர்மையாகாது.

எஞ்சுவது கருணை பற்றிய கூற்று. எல்லாவற்றிலும் கொடியது அதுவே. 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானபின், பின்னாளில் அரிசன சேவா சங்கம் எனப் பெயர்பெற்ற தீண்டாமை ஒழிப்புச் சங்கம் அமைந்தபோது, மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் நோக்கிப் பயணம் செய்த அம்பேத்கர், நவம்பர் மாதத்தில் கப்பலிலிருந்தே அதன் செயலாளர் தக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். தனிமனிதரைத் திருத்தும் தொண்டைவிட, கிணறும் பள்ளியும் தெருவும் எல்லாருக்கும் பொதுவாவதற்கான உரிமைப் போராட்டமே சங்கத்தின் முதற்பணியாக வேண்டும் என்றும், வேலைவாய்ப்பில் சமத்துவம் வேண்டும் என்றும், வீட்டுக்குள் விருந்தினராக ஏற்கும் உறவு வேண்டும் என்றும் அதில் கேட்டார். சட்டத்தால் இரு சாராரையும் சேர்த்து வைக்க இயலாது, அன்பு ஒன்றே சேர்க்க வல்லது என்று எழுதியவரும் அவரே; ஆனால் குடும்பத்துக்கு வெளியே அந்த அன்புக்கு நீதி ஒன்றே வழி திறக்கும் என்றும், தாமாக நீதி செய்யாதோரைச் செய்ய வைப்பது சங்கத்தின் கடமை என்றும் உடன் சேர்த்து எழுதினார். சாதி இந்துக்கள் செய்ய வேண்டிய பிராயச்சித்தம் என்று தொண்டைக் கருதிய காந்தியார், அதன் நிர்வாகம் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்றார்; அம்பேத்கர் விலகினார். அன்பை நீதியின் வாசலில் நிறுத்தியவரை வெறுப்பாளர் என்றும், கொடுப்பவரின் மேட்டிமையைக் குலைக்காத தானத்தைக் கருணை என்றும் மேடைகள் மாற்றி வழங்குகின்றன. கருணை கேட்கப்படுவதோ எப்போதும் இழிவைச் சுமந்தவரிடமே. 1956 மே மாதம் பிபிசி வானொலியில் பேசியபோது, பௌத்தத்தைத் தாம் விரும்புவதற்குக் காரணமாகப் பிரக்ஞை, கருணை, சமதை ஆகிய மூன்றும் அதில் ஒருங்கே இருப்பதையே அம்பேத்கர் சொன்னார். பிரக்ஞை என்பது மூடநம்பிக்கைக்கு எதிரான தெளிந்த அறிவு, சமதை என்பது சமத்துவம். இவ்விரண்டையும் கழற்றிவிட்டுக் கருணையை மட்டும் எடுத்துக்கொள்வோர் அவர் பெயரை உச்சரிக்கும் தகுதியை இழக்கின்றனர்.

மலாயாவின் வரலாறும் இதையே சொல்கிறது. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் இறங்குமுன்பே, அவரை அனுமதிக்கலாகாது என்று அரசிடம் முறையிட்டோர் தமிழர்களுள்ளேயே இருந்தனர். அந்த வருகையின் எழுச்சியில் வளர்ந்த கோ. சாரங்கபாணி, 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவாகவும் 1935இல் 'தமிழ் முரசு' வெளிவரவும் காரணமானவர். சீர்திருத்தம் பேசியதோடு நில்லாமல் தாமே சீனப் பெண்ணை மணந்தவர். சாதி, மத வேறுபாடின்றித் தமிழரை ஒன்றுகூட்டும் தமிழர் திருநாளை 1952இல் தொடங்கியவர். வெறுப்பை விதைத்தவர் என்று பழிக்கப்படும் இந்தச் சுயமரியாதைக்காரர்தான், மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். கூலி வேலை செய்தோரும் அதற்குக் கொடுத்தனர், கொடுத்தவரின் சாதியை எவரும் கேட்கவில்லை.