இணையவழி ஆட்டத்தில் ஓட்டத்தின் சீர்மை

சென்ற கோடை விடுமுறையில் யானும் என் விடுதித் தோழர் இருவரும், தத்தம் இல்லங்களிலிருந்தே ஆடத்தக்கதோர் ஓடிப்பிடிக்கும் ஆட்டத்தைக் கணினியிற் படைத்தோம். ஓரறையில் இருந்து ஆடுங்கால் இனிது நடந்த அவ்வாட்டம், இணையத்திற் புகுந்ததும் கெட்டது. ஓடுவோன் தவளைபோலத் தத்தலானான். செய்திகளை இன்னும் விரைந்து அனுப்பினால் தீரும் என்றெண்ணி, விநாடிக்கு 20 ஆக இருந்ததை 60 ஆக்கினோம். தத்தல் சிறிது குறைந்ததேயன்றி ஒழிந்திலது. என்னை? சமமான இடையிட்டுப் புறப்படும் செய்திகள் அவ்வாறே வந்து சேர்வதில்லை. சில காலந்தாழ்க்கும், சில வழியிலேயே அழியும்.

பிறர் ஓட்டம் சீர்பெற வேண்டுமாயின், சிறிது தாமதத்தை நாமே விரும்பி ஏற்றல் வேண்டும் என்பது என் துணிபு. விநாடிக்கு 20 செய்தி வரின் இரண்டற்கு இடையே 50 மில்லிவிநாடி உண்டு. திரையோ அவ்விநாடியில் 60 முறை புதிதாகின்றது. ஆகலின் வந்த நிலையை உடனே காட்டாது 100 மில்லிவிநாடி பிந்திக் காட்டின், முன்னொன்றும் பின்னொன்றுமாக இரு நிலைகள் கையில் இருக்கும். அவற்றினிடையே உருவை மெல்ல நகர்த்தலாம். ஒரு செய்தி தவறினும் அடுத்தது தாங்கும்.

தன் ஓட்டத்திற்கு இம்முறை ஆகாது. 1996 இல் வெளிவந்த குவேக் ஆட்டத்தில், விசையழுத்தம் சர்வர் என்னும் நடுக்கணினிக்குச் சென்று மீண்ட பின்னரே ஆடுவோன் நகர்ந்தான். தொலைபேசிக் கம்பிவழி இணைந்தார்க்கு அது பெருந்துன்பமாயிற்று. அவ்வாண்டிறுதியிலேயே ஜான் கார்மாக், குவேக்வேர்ல்டு என்னும் திருத்தப் பதிப்பில், ஆடுவோன் கணினியே அவன் நகர்ச்சியை முற்படக் கணித்துக் காட்டுமாறு செய்தார். யாமும் ஒவ்வோர் அழுத்தத்திற்கும் எண்ணிட்டு அனுப்பினோம். சர்வர், தான் கண்ட நிலையையும் தான் கணக்கிட்ட கடைசி எண்ணையும் திருப்பியனுப்பும். அந்நிலையை ஏற்று, அதன் பிற்பட்ட அழுத்தங்களை மீளக் கூட்டினால் இடம் சரியாகும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஒவ்வொருவர் கணினியும் சொல்லும் இடத்தையே சர்வர் நம்பிவிடலாமே என்றார் ஒரு தோழர். ஓட்டம் மென்மையுறும் என்பது மெய்யே. ஆயின் பொய்யன் சுவரையும் ஊடுருவிச் செல்வான். யான் இணங்கவில்லை.

மென்மை வந்தபின்னரே உண்மைப் பூசல் தொடங்கிற்று. துரத்துவோன் காண்பது ஓடுவோனுடைய கடந்த நிலையாதலின், "தொட்டேன்" என்பானும் "தப்பினேன்" என்பானும் தத்தம் திரையளவில் வாய்மையே கூறினர். துரத்துவோன் கண்ட கணத்திற்குச் சர்வர் காலத்தைப் பின்னோக்கித் தீர்ப்பளிக்கலாம். எல்லையின்றிப் பின்னோக்கினோ, தப்பி மறைந்தவனும் பிடிபடுவான். ஆகவே 200 மில்லிவிநாடிக்கு மேற் செல்லற்க என வரையறுத்தோம். அவ்வரையறை நேரிதென்றே இன்றும் கருதுகின்றேன். ஆனால் எம்முள் ஒருவர் ஊரில் அலைபேசிக் கோபுரம் தொலைவிலுள்ளது. அவர் செய்தி பலகால் அவ்வெல்லையைக் கடந்தே வரும். அவர் தொட்டது தொட்டதாகாது. துரத்தும் முறை வரின் அதனைப் பிறர்க்குக் கொடுத்துவிட்டு, அவர் எப்பொழுதும் ஓடுவோனாகவே ஆடுகின்றார்.