சின்னத்தில் விடுபட்ட இரண்டு கட்டளைகள்

தியானப் பகுதி: 1 பேதுரு 2:13–17



பசிபிக் பெருங்கடலில் முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகளாய்ச் சிதறிக் கிடக்கும் ஃபிஜி நாட்டின் அரசுச் சின்னத்தை இந்த வாரம் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். 1908ஆம் ஆண்டில், ஆங்கில ஆட்சியின் நாட்களில் வழங்கப்பட்ட சின்னம் அது. அதன் கேடயத்தின் நடுவே செஞ்சிலுவை. சிலுவையின் நான்கு பக்கங்களிலும் கரும்பு, தென்னை, ஒலிவக் கிளையைக் கவ்விய புறா, வாழைக்குலை. மேலே கொக்கோக் காயைப் பற்றியிருக்கும் சிங்கம். இருமருங்கிலும் ஃபிஜிப் போர்வீரர் இருவர். கீழே, தேவனுக்குப் பயப்படவும் அரசனைக் கனம்பண்ணவும் சொல்லும் வாசகம், அத்தீவின் மொழியிலேயே. 1970இல் விடுதலை பெற்றபோது ஏற்றப்பட்ட இளநீலக் கொடியிலும் இதே கேடயம் இடம்பெற்றது.

சிலுவையும், நோவாவை நினைவூட்டும் புறாவும், பேதுருவின் புத்திமதியும் ஒரு தேசத்தின் முத்திரையில் இருப்பதை அறிந்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் வேதத்தைத் திறந்து அந்த வசனத்தை முழுமையாய் வாசித்தபோது மனம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. பேதுரு அங்கே நான்கு கட்டளைகளைக் கொடுக்கிறார். சின்னத்தில் இருப்பவை பின்னிரண்டு மட்டுமே. யாவரையும் கனம்பண்ணுவதும் சகோதரரை நேசிப்பதுமாகிய முன்னிரண்டும் அங்கே இல்லை. சின்னத்தை வரைந்தவர்களை நான் குறைகூறவில்லை. ஒரு சிறு பட்டையில் எத்தனை சொற்கள்தாம் அடங்கும்? ஆயினும் அத்தீவின் வரலாற்றை வாசிக்கையில், விடுபட்ட அவ்விரண்டுமே அதற்கு மிகவும் தேவைப்பட்டவை என்று காண்கிறேன்.

1879 மே 14 அன்று லியோனிடாஸ் என்னும் கப்பல், கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ஃபிஜியை அடைந்தது. 1916 வரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு கொண்டுவரப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. அவற்றில் நம் தமிழ் மக்களும் இருந்தனர். தாங்கள் கைநாட்டு வைத்த ஒப்பந்தத்தை அவர்கள் 'கிர்மித்' என்று அழைத்தனர். அவர்கள் வெட்டிய கரும்பு தேசத்தின் கேடயத்தில் ஏறியது. வெட்டிய மனிதனுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. அவர்களுடைய கண்ணீரைக் கண்டு, அந்த முறை ஒழிய வேண்டும் என்று எழுதியும் பேசியும் உழைத்தவர்களில் ஒருவர் தேவ ஊழியரான சி. எஃப். ஆண்ட்ரூஸ் என்பதை நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

2007ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஃபிஜி மக்களில் நூற்றுக்கு 64 பேர் கிறிஸ்தவர்கள், 28 பேர் இந்துக்கள், 6 பேர் இஸ்லாமியர். பூர்வகுடிகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலோர் இந்துக்கள். ஆகவே அங்கே மதத்தின் பெயரால் எழும்பும் மதில், இனத்தின் மதிலாகவும் ஆகிவிடுகிறது.

1987 மே 14. கப்பல் வந்த அதே தேதி. இந்திய வம்சாவளியினரின் பெரும் ஆதரவோடு தேர்தலில் வென்று, பதவியேற்று ஒரு மாதமே ஆன அரசை, சித்திவேனி ரபுகா என்னும் படை அதிகாரி கவிழ்த்தார். அவர் மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்தவர். சபை மக்களில் பலர் அதை ஆதரித்தனர். எதிர்த்து நின்றவர்களும் இருந்தனர். அவ்வாண்டிலேயே ஞாயிற்றுக்கிழமையில் வணிகமும் விளையாட்டும் தடைசெய்யப்பட்டன. தேசத்தைக் கிறிஸ்தவ தேசமாக அறிவிக்க வேண்டும் என்ற குரலும் ஓங்கியது. பல்லாயிரம் இந்திய வம்சாவளியினர் பிறந்த மண்ணை விட்டுப் புறப்பட்டனர்.

தேசம் கர்த்தருடையதாக வேண்டும் என்று விரும்புவது தவறா என்று உங்களில் சிலர் கேட்கலாம். அப்படி ஜெபிப்பது தவறன்று, நானும் ஜெபிக்கிறேன். ஆனால் ஜெபத்தினால் கேட்க வேண்டியதைச் சட்டத்தினால் பறிக்க முற்படுவது தவறு என்பதே என் துணிபு. சட்டம் கடைக் கதவைப் பூட்டலாம். இருதயக் கதவைத் திறக்க அதனால் இயலாது. நேபுகாத்நேச்சாரின் ஆணைக்குப் பணியாத மூன்று வாலிபரை நாம் போற்றுகிறோம். அப்படியிருக்க, அதிகாரம் நம் கைக்கு வரும்போது சூளையை மூட்டுகிறவர்களின் பக்கம் நாம் எப்படி நிற்க முடியும்? தமது ராஜ்யம் இவ்வுலகத்துக்குரியதன்று என்று பிலாத்துவின் முன் அறிவித்த ஆண்டவருக்குப் போர்வீரரின் காவல் தேவையில்லை.

2013ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஃபிஜியை மதச்சார்பற்ற நாடு என்று அறிவித்து, குடிமக்கள் யாவரையும் 'ஃபிஜியர்' என்ற ஒரே பெயரால் அழைத்தது. விசுவாசத்துக்கு நேர்ந்த இழப்பாக இதை எண்ணிக் கலங்கியவர்கள் உண்டு. எனக்கோ, சின்னத்தில் விடுபட்ட கட்டளைகளுள் முதலாவது, வேறொரு வாசல் வழியாய் உள்ளே வந்ததாகவே தோன்றுகிறது.

கதை அதோடு முடியவில்லை. 2023 மே 14 அன்று, மீண்டும் பிரதமராகியிருந்த அதே ரபுகா, தலைநகர் சுவாவில் நடந்த ஒப்புரவாகுதலின் ஆராதனையில், தாம் செய்ததை அறிக்கையிட்டு இந்திய வம்சாவளியினரிடம் மன்னிப்புக் கேட்டார். மெதடிஸ்ட் சபையும் மன்னிப்புக் கேட்டது. ஒரு மன்னிப்பினால் எல்லாக் காயமும் ஆறிவிடும் என்று நான் சொல்லவில்லை. புறப்பட்டுப் போனவர்கள் திரும்பி வந்துவிடவும் இல்லை. ஆனாலும் 1987இன் கட்டாயத்தைவிட 2023இன் தாழ்மையே கிறிஸ்துவுக்கு மெய்யான சாட்சி என்று துணிந்து சொல்வேன்.

அன்பானவர்களே, இது தூரதேசத்தின் கதை மட்டுமன்று. நம் வீட்டு வாசலிலும் வாகனத்திலும் வசனங்களை எழுதி வைத்திருக்கிறோம். நல்லதே. ஆனால் எழுதியதில் விடுபட்டது எது? வேறு தெய்வத்தை வணங்கும் அண்டை வீட்டாரின் துக்க வீட்டுக்கு இந்த ஆண்டில் எத்தனை முறை சென்றோம்? நமக்காகக் கரும்பு வெட்டுகிறவனின் பெயர் நமக்குத் தெரியுமா? சபைக்குள்ளேயே சாதியின் பெயரால் ஒருவரைக் கனவீனப்படுத்திவிட்டு, சிலுவையைச் சுவரில் மாட்டுவதால் பயன் என்ன? இந்த வாரம் உங்களால் புண்பட்ட ஒருவரிடம் போய், நேரில் மன்னிப்புக் கேளுங்கள்.

ஜெபம்: பரம பிதாவே, உமக்குப் பயப்படுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, உமது சாயலாய்ப் படைக்கப்பட்டவர்களை அவமதித்த எங்கள் பாவத்தை மன்னியும். ஃபிஜி தேசத்தின் எல்லா மக்களுக்கும் சமாதானம் அருளும். நாங்கள் விட்டுவிட்ட கட்டளைகளை எங்கள் இருதயத்தில் எழுதும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.