தொட்டால் தீட்டாகும் கடவுளும் தொட முடியாத கடவுளும்

“எல்லா மதங்களும் ஒரே கடவுளைத்தான் சொல்கின்றன.” மத நல்லிணக்க மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் வாசகம் இது. சொல்பவர்களின் நல்லெண்ணம் நமக்குப் புரிகிறது. ஆனால் அது உண்மையல்ல. அந்த உண்மையின்மையில் சாதி சுகமாக ஒளிந்துகொள்கிறது.

கடவுள் ஒன்றா, பலவா என்பது நமக்கு இரண்டாவது கேள்விதான். அந்தக் கடவுளின் முன் மனிதர்கள் சமமா என்பதே முதல் கேள்வி.

ரிக் வேதத்தின் புருஷ சூக்தம் பரம்பொருளுக்கு ஓர் உடலைக் கொடுத்து, வாயைப் பிராமணனுக்கும் கால்களைச் சூத்திரனுக்கும் ஒதுக்குகிறது. ஆகமங்கள் கடவுளைக் கருவறையில் வைத்து, உரிமையில்லாதவர் தொட்டால் புனிதம் கெடும் என்கின்றன. இது பழங்கதை அல்ல. 1972-இல் சேஷம்மாள் வழக்கில், பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழித்த தமிழ்நாட்டின் சட்டத்தை ஏற்ற உச்ச நீதிமன்றம், நியமனம் ஆகமப்படிதான் நடக்க வேண்டும் என்றது. பரம்பரை போனது, தீட்டு தங்கிவிட்டது.

“உபநிடதங்களின் பிரம்மமும் உருவமற்றதுதானே?” என்பார்கள். ஆம். அனைத்தும் ஒன்றே என்ற அத்வைதத்தை நிறுவிய அதே சங்கரர்தான், பிரம்ம சூத்திர உரையில் சூத்திரருக்கு வேதம் கற்கும் உரிமை இல்லை என்றும் எழுதினார். உருவத்தைக் கைவிட்டால் மட்டும் போதாது, படிநிலையையும் கைவிட வேண்டும்.

குர்ஆனின் 112ஆம் அத்தியாயம் நான்கே வசனங்கள். இறைவன் ஒருவன், அவன் யாரையும் பெறவில்லை, யாருக்கும் பிறக்கவில்லை. அப்படியானால் வாயில் பிறந்தவனும் இல்லை, காலில் பிறந்தவனும் இல்லை. 49:13 இன்னும் வெளிப்படை: மனிதர் அனைவரும் ஓர் ஆண், ஒரு பெண்ணின் வழி வந்தவர்கள், மேன்மை இறையச்சத்தில்தான், குலத்தில் அல்ல. 1981-இல் மீனாட்சிபுரத்துத் தலித்துகள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவியபோது தேடியது இந்தச் சமத்துவத்தைத்தான்.

முஸ்லிம் சமூகத்தில் சாதி இல்லையா? இருக்கிறது. அஷ்ரஃப், அஜ்லஃப், அர்சல் என்ற பிரிவுகளை 2006-இல் சச்சார் குழு பதிவு செய்தது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. அஷ்ரஃப் ஆதிக்கத்தை எதிர்க்கும் பஸ்மாந்தா முஸ்லிம், குர்ஆனைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்கலாம். புருஷ சூக்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தலித் என்ன கேட்பது? அதனால்தான் அம்பேத்கர் 1956-இல் வெளியேறினார். படைத்த கடவுளே இல்லாத பௌத்தத்தைத் தேர்ந்தார்.

இந்திய அரசின் தந்திரத்தைப் பாருங்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியைப் பெரும்பாலும் இந்துக்களுக்கே தந்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் முஸ்லிம்களுக்கும் தலித் கிறித்தவர்களுக்கும் இன்னும் கதவு மூடியே இருக்கிறது. ‘உங்கள் வேதத்தில் சாதி இல்லையே’ என்பது அதற்கு ஒரு சாக்கு. வேதத்தில் இல்லாத சாதி தெருவில் இருக்கிறது. தெருவைப் பார்த்துச் சட்டம் எழுதுங்கள்.

இஸ்லாத்தின் கடவுள் கொள்கையைப் பாராட்டும் தோழர்கள் இந்தக் கோரிக்கைக்கும் குரல் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பாராட்டு வெறும் மேடைப் பேச்சுதான்.