காசு வாங்கினால் கடமை இல்லையா?

செல்போன் மணி அடிக்கிறது. எடுத்தால் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. வாசலுக்கு ஓடுகிறார்கள். மொட்டை மாடிக்கு ஏறுகிறார்கள். "அலோ! அலோ!" என்று கத்துகிறார்கள். அதற்குள் பேச்சு அறுந்து போகிறது!

இந்தத் தொல்லை இல்லாத ஊர் குறைவு.

இந்தியாவில் செல்போன் பேச்சு 1995-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி தொடங்கியது. கல்கத்தாவில் இருந்து மேற்கு வங்காள முதல்-மந்திரி ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். அன்று அது பணக்காரர் கைப்பொருள். இன்று கூலி வேலைக்குப் போகிறவருக்கும் அது வேண்டும். பாங்கியில் இருந்து ரகசிய எண் அதில்தான் வருகிறது. நள்ளிரவில் பிரசவ வலி கண்டால், 108-ஐக் கூப்பிடவும் அதுதான் துணை. அந்த நேரத்தில் சிக்னல் இல்லை என்றால் உயிருக்கே ஆபத்து!

கம்பெனிகளும் காரணம் சொல்கின்றன. டவர் தூரத்தில் இருக்கலாம். ஒரே டவரில் கூட்டம் நெருக்கலாம். மின்சாரம் போய் பாட்டரி தீரலாம். டவர் வைக்க சில இடங்களில் மக்களே எதிர்க்கிறார்கள். இவை உண்மைதான். ஆனால் ரீசார்ஜ் பணத்தை முன்கூட்டியே வாங்குகிறார்களே! 2024-ம் ஆண்டு ஜூலையில் பெரிய தனியார் கம்பெனிகள் கட்டணத்தையும் உயர்த்தின. காசு கூடும்போது சேவையும் கூட வேண்டாமா?

கைக்கு வராத நஷ்டஈடு

பேச்சு அறுந்தால் ஒரு ரூபாய், ஒரு நாளைக்கு மூன்று ரூபாய் வரை, வாடிக்கையாளருக்குத் தரவேண்டும் என்று 2015-ல் 'டிராய்' ஆணையம் உத்தரவு போட்டது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2016-ம் ஆண்டு மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது.

சேவை தரம் குறைந்தால் கம்பெனிக்கு 'டிராய்' அபராதம் போடலாம். ஆனால் அந்தப் பணம் அரசாங்க கஜானாவுக்குப் போகிறது. மாடி ஏறி மூச்சு வாங்கியவருக்கு ஒரு காசும் இல்லை!

என்ன செய்யலாம்?

முணுமுணுத்தால் மட்டும் போதாது. முதலில் கம்பெனியிடம் புகார் கொடுக்க வேண்டும். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். பலன் இல்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம். அதற்கு உரிமை உண்டு என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டே கூறியிருக்கிறது. எண்ணை மாற்றாமல் வேறு கம்பெனிக்கு மாறும் வசதியும் 2011 முதல் நாடு முழுவதும் உண்டு.

ஆனால் ஒவ்வொருவரும் கோர்ட்டுப் படி ஏற முடியுமா? சேவை கெட்டால், கெட்ட நாளுக்கான பணம் வாடிக்கையாளர் கணக்குக்கே திரும்பி வர வேண்டும். கோர்ட்டில் நிற்கும்படியான சட்டத்தை அரசாங்கம் கொண்டு வரவேண்டும்.

கடையில் எடை குறைந்தால் கேட்கிறோம். காற்றில் வரும் சரக்குக்கும் எடை உண்டு!