புள்ளடி போட்ட பிறகு என்ன?

2025 மே 6ஆம் திகதி, உள்ளூராட்சித் தேர்தல். வாக்குப் போட்டுவிட்டு வந்த எங்கள் லயத்து அப்பாயி ஒருவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து, விரலில் இருந்த மையைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

"இந்த மை அழியிறதுக்குள்ள இவனுக நம்மள மறந்துருவானுக, பாரு" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. அப்படித் தெரிந்தும் அந்த மனுசி ஏன் விடியக்காலையில் குளித்து, நல்ல சேலை கட்டி, அந்த மேட்டில் ஏறிப் போய் வாக்குப் போட்டார்? கேட்டோம். "எங்க அப்பாவுக்கு இது இல்லடா" என்றார். அவ்வளவுதான் பதில்.

பள்ளிக்கூடத்தில் சனநாயகத்துக்கு வரைவிலக்கணம் எழுதி மார்க் வாங்கினவர்கள் நாங்கள். கிரேக்கச் சொல், மக்களாட்சி, பெரும்பான்மையின் தீர்மானம் என்று ஒப்புவிப்போம். ஆனால் அப்பாயியின் அந்த ஒரு வரி, பாடப்புத்தகத்தில் இல்லாத எங்கள் சொந்தப் பாடம்.

இந்த நாட்டுக்கு சர்வசன வாக்குரிமை வந்தது 1931இல். அப்போதே தோட்டத்து ஆட்களுக்கு அதைக் கொடுப்பதா என்று பெரிய வாதம் நடந்தது. நிரந்தரக் குடியா, வந்து போகிற கூலியா என்று பார்த்துத்தான் பேர் பதிந்தார்கள். அப்படியும் ஹட்டன் தொகுதியிலிருந்து பெரி சுந்தரம் சட்டசபைக்குப் போய்த் தொழில் அமைச்சரானார். 1936இல் அதே ஹட்டனிலிருந்து கோ. நடேசய்யர் போனார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் பாட்டுப் பாடி ஆட்களைத் திரட்டினார். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு. கொழுந்து பறிக்கிற கை பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பியது.

அது சிலருக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வருசமே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இங்கே பிறந்தார் என்று காட்டு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு என்றார்கள். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்தில் பூட்டனின் தாளுக்கு எங்கே போவது? 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜை இல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றார்கள். 1952 தேர்தலில் அந்த 7 பேரின் இடத்தில் எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. அதே நேரத்தில்தான் இந்தியா தன் முதல் பொதுத் தேர்தலை நடத்தி முடித்திருந்தது. எழுத்தறிவு பார்க்கவில்லை, சொத்துப் பார்க்கவில்லை, வயது வந்த எல்லோருக்கும் வாக்கு. கப்பலேறாமல் ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் வாக்குப் போட்டார். கப்பலேறி வந்து இந்த மலையைத் தேயிலை மலையாக்கிய தம்பி நாடற்றவர் ஆனார்.

இதில் நாங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இதைச் செய்தது எந்த ராணுவச் சதியும் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட பாராளுமன்றம், முறைப்படி கைதூக்கிச் செய்தது. பெரும்பான்மை சொன்னால் அது சனநாயகம் என்றால், எங்கள் வாக்கைப் பறித்ததும் சனநாயகம்தான். அதனால்தான் அந்த வரைவிலக்கணம் எங்களுக்குப் போதாது என்கிறோம். பெரும்பான்மையாலும் தொட முடியாத சில உரிமைகள் இருக்க வேண்டும், அதற்குக் காவல் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் தேர்தல் என்பது தலை எண்ணுகிற கணக்கு மட்டும்தான்.

"சனநாயகம் சோறு போடுமா? கெட்டியான ஒரு ஆள் வந்து எல்லாரையும் நிமித்தணும்" என்று எங்கள் வயதுப் பொடியன்களே பேசுகிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் எங்களைக் கேட்காமல் எங்களுக்காக முடிவெடுத்த கெட்டியான ஆட்களை நாங்கள் ஏற்கனவே பார்த்துவிட்டோம். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9 லட்சத்து 75 ஆயிரம் மனுசரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அக்கா அந்தப் பக்கம், தங்கச்சி இந்தப் பக்கம் என்று பிரிந்த குடும்பம் இல்லாத தோட்டம் இங்கே குறைவு. ஏன் யாரும் எங்களைக் கேட்கவில்லை? வாக்கு இல்லாதவனிடம் யார் கேட்பார்கள்? எஞ்சியவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைக்க 1988இலும் 2003இலும் சட்டம் வர வேண்டியிருந்தது. அப்பாயி சேலை கட்டிப் போனது இதனால்தான்.

சரி, வாக்கு வந்துவிட்டது. சனநாயகம் வந்ததா?

பிரதேச சபைக்கு நாங்கள் வாக்குப் போட்டோம். ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக நின்றது. வாக்குக் கேட்க வந்த ரோட்டைப் போட்டுத்தர முடியாது, அது தோட்டத்து ரோடு. இது திருத்தப்பட்டது 2018இல். அதே வருசத் தேர்தலோடுதான் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதுச் சபைகளும் வந்தன. அடுத்த தேர்தல் 2023இல் நடக்க வேண்டியது, காசில்லை என்று தள்ளித் தள்ளி 2025இல் நடந்தது. மத்திய மாகாண சபைக்கோ 2013க்குப் பிறகு தேர்தலே இல்லை. கொழும்பில் கடையில் நிற்கிற எங்கள் தம்பிக்குத் தபால் வாக்கும் இல்லை. லீவு கேட்டு, பஸ் காசு கொடுத்து வந்தால்தான் அவனுடைய புள்ளடி. இன்றைக்கும் பல லயங்களில் வீட்டுக்கு ஒரு முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்து கைக்கு வந்த கதை எங்களுக்குள்ளேயே உண்டு. தனக்கென்று ஒரு முகவரி இல்லாதவர் எப்படி முழுப் பிரஜை?

குற்றத்தை எல்லாம் கொழும்பின் தலையில் கட்டிவிட்டு நாங்கள் ஒதுங்கவும் முடியாது. மலையகத்தில் சங்கமும் கட்சியும் ஒரே ஆள். சந்தா சம்பளத்தில் வெட்டுப்படும், வாக்கு அதே பெட்டிக்குப் போகும். "நாம எந்தச் சங்கம்?" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும், வேட்பாளர் யார் என்று கேட்பதில்லை. கொழுந்து எடுப்பது பெண்கள், தோட்டத் தலைவர் ஆண். மாதர் சங்கத் தலைவி கூட்டத்தில் தேத்தண்ணி கொடுக்கத்தான். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்று சட்டம் வந்த பிறகும், பெரும்பாலும் பட்டியலில் பேரைப் போட்டு எண்ணிக்கையை நிரப்பினார்களே தவிர, வெல்லக்கூடிய வட்டாரத்தை மனமுவந்து கொடுக்கவில்லை. கோயில் திருவிழாக் கணக்கைக் கேட்டாலே "நேத்துப் பொறந்தவனுக்கு என்ன கணக்கு?" என்கிற ஊரில், பாராளுமன்றம் கணக்குக் காட்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

பெரிய புரட்சி ஒன்றையும் நாங்கள் கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எங்கள் வட்டாரத்துக்கு இந்த வருசம் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எதற்குச் செலவழித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பிரதேச சபையிடம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தில் தகவல் கேட்கிற உரிமை பிரஜைக்கு உரியது. அப்பாயியின் அப்பா இருந்திருந்தால், நாடற்றவராக அவரால் அந்தத் தாளையும் எழுதியிருக்க முடியாது. நாங்கள் எழுதலாம்.

முதல் தாளை எழுதிவிட்டோம். எங்கள் தோட்டத்துப் பாலம் பற்றியது. அப்பாயிக்கு வாசித்துக் காட்டினோம். கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கீழ எம்பேரையும் போடு" என்றார்.