காத்தது கடவுளா, புழுங்கலரிசியா?

சென்ற மாதம் நம் தோட்டத்து மண்டபத்தில் ஒரு வாதம் நடைபெற்றது. "கடவுள் நம்பிக்கை உடல் நலம் தருமா?" என்பது பொருள். நம்புகிறவன் நோயின்றி நெடிது வாழ்கிறான் என்று ஒரு சாராரும், நம்பிக்கையே ஒரு நோய், அதற்குப் பகுத்தறிவே மருந்து என்று மற்றொரு சாராரும் மூன்று மணி நேரம் தொண்டை வறளப் பேசினர். கிராணி வேலை பார்ப்பவர் என்ற காரணத்தால், இரு தரப்பு வாதங்களையும் குறித்து வைக்கும் பொறுப்பு நம்மிடம் விடப்பட்டது. வீட்டிற்குத் திரும்பி அக்குறிப்பைப் படித்துப் பார்த்தோம். ஆத்திகர் பக்கத்தில் பதினொரு வாதங்கள். நாத்திகர் பக்கத்தில் பதினான்கு. நோய் என்ற சொல் பக்கந்தோறும் இருந்தது. நோயாளியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வாயிலருகே ஒற்றைக் காலுடன் ஒருவர் அமர்ந்திருந்தார். அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்குறையை நிரப்பவே இதனை எழுதலானோம். ஆத்திகருக்கும் இது கசக்கும்; நம் சீர்திருத்தத் தோழர்களுக்கும் இது கசக்கும். மருந்து கசக்கத்தான் செய்யும்.

முதற்கண் ஆத்திகர் தரப்பின் வலிமையான வாதத்தை எடுத்துக்கொள்வோம். எதிரியின் சோர்ந்த வாதத்தை மட்டும் தாக்கி வெற்றி முரசு கொட்டுவது வீரமாகாது. அன்று பேசிய அன்பர் ஒருவர் புராணம் பேசவில்லை. ஆராய்ச்சி ஒன்றைக் காட்டினார். அமெரிக்காவில் 74,534 செவிலியப் பெண்களின் வாழ்வைப் பதினாறு ஆண்டுகள் கவனித்து, 2016-ஆம் ஆண்டில் மருத்துவ ஏடொன்றில் வெளியிட்ட ஆராய்ச்சி அது. வாரத்தில் ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குச் சென்றவர்களிடையே, ஒருபோதும் செல்லாதவர்களைக் காட்டிலும் இறப்பு 33 விழுக்காடு குறைந்திருந்தது என்பது அதன் முடிபு. நம் தோழர்கள் உடனே "பொய், பொய்" என்று கூவினர். பொய்யன்று, தோழர்களே! ஆங்கிலப் பள்ளியில் படித்த பயனாக நாம் அதனைத் தேடிப் படித்தோம். கணக்கு மெய்யே. ஆனால் அக்கணக்கு எதனைக் காட்டுகிறது என்பதே கேள்வி. அதற்கு விடை அமெரிக்காவில் இல்லை; இந்த மலாய் மண்ணிலேயே இருக்கின்றது.

நூறாண்டுகளுக்கு முன் இந்நாட்டைப் பெரிபெரி என்னும் கொடுநோய் ஆட்டிவைத்தது. கால் மரத்துப் போகும், உடல் வீங்கும், இருதயம் தளர்ந்து திடீரென்று நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக மாண்டனர். அதே வெயிலில், அதே மழையில், அவர்களுக்கு அருகிலேயே உழைத்த தமிழரை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. இதனை அன்றைய பக்தர் ஒருவர் கண்டிருந்தால் யாது கூறியிருப்பார்? "பார்த்தீர்களா! நம் முனீஸ்வரன் எல்லையில் நின்று காக்கிறான், மாரியம்மன் தன் பிள்ளைகளை மறக்கவில்லை" என்றுதானே கூறியிருப்பார்? அவர் காட்டும் கணக்கும் மெய்யாகவே இருந்திருக்கும். தமிழருக்கு நோய் வரவில்லை. தமிழர் அம்மனைக் கும்பிட்டனர். இரண்டும் கண்கூடு!

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராயிருந்த பிராட்டன் என்பவர் கோயிலைப் பார்க்கவில்லை. சோற்றுப் பானையைப் பார்த்தார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1905, 1906-ஆம் ஆண்டுகளில் பிளெட்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இதனைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினருக்கு ஒருவகை அரிசி, இரட்டைப்படை எண்ணினருக்கு மற்றொரு வகை என்று பகுத்துக் கொடுத்தார். பச்சரிசி உண்டவருள் பலருக்குப் பெரிபெரி கண்டு 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவருள் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. யார் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டார் என்று அரிசி கேட்கவில்லை. பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் இந்நாட்டிலேயே ஆய்ந்து, அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது என்று காட்டினர். அச்சத்தினை 1926-ஆம் ஆண்டில் பத்தேவியாவில் இரு விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தனர். இன்று நாம் வைட்டமின் பி1 என்று அழைப்பது அதுவே. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் அதன் பெயரை அறிந்திலர். ஆயினும் அதுவே அவர்களைக் காத்தது.

இனி அமெரிக்கப் பெண்களிடம் திரும்புவோம். வழிபாட்டுக்குச் சென்றவர்களின் பானையில் இருந்தது யாது? அவ்வாராய்ச்சியாளரே அதனையும் தேடினர். வழிபாட்டுக்குச் சென்றோர் புகைபிடித்தல் குறைவு, அவர்களுக்கு உற்றார் துணை மிகுதி, மனச்சோர்வு குறைவு, நன்மை வரும் என்ற எண்ணம் மிகுதி. கண்ட நன்மையில் சுமார் 23 விழுக்காட்டை உற்றார் துணையும், 22 விழுக்காட்டைப் புகையின்மையும் விளக்குவதாக அவர்களே கணக்கிட்டுள்ளனர். துணையும் புகையின்மையும் கோயிலில் கிடைக்கலாம், படிப்பகத்திலும் கிடைக்கலாம், நல்ல அண்டை வீட்டிலும் கிடைக்கலாம். தவிட்டிலுள்ள சத்தைத் தெய்வத்தின் கணக்கில் வரவு வைப்பது எந்தப் பேரேட்டில் நியாயம்? கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு அது விளங்கவில்லை.

"அப்படியாயின் பிரார்த்தனைக்கே பலன் இல்லையா?" என்று கேட்பர். அதனையும் சோதித்துள்ளனர். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இருதய அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கினர். முதற் பிரிவினருக்காக அந்நியர் பிரார்த்தித்தனர். இரண்டாம் பிரிவினருக்காகப் பிரார்த்திக்கவில்லை. இவ்விரு பிரிவினருக்கும் உண்மை தெரியாது. மூன்றாம் பிரிவினருக்கு, "உங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறது" என்று சொல்லியே நடத்தினர். 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த முடிபைக் காண்க: அறுவைக்குப்பின் கோளாறு கண்டவர் முதற் பிரிவில் 52 விழுக்காடு, இரண்டாவதில் 51, பிரார்த்தனை உண்டென்று அறிந்த மூன்றாவதில் 59. பிரார்த்தனை கெடுதல் செய்கிறது என்று இதனைக்கொண்டு நாம் கூத்தாட மாட்டோம். அந்த வேற்றுமை தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் நன்மை செய்தது என்று கூறுதற்கு இதில் ஓர் எழுத்தும் இல்லை.

நிற்க. நம் சீர்திருத்தத் தோழர்கள் இதுவரை படித்துக் கைதட்டியிருப்பார்கள். கையைச் சற்றே இறக்குக. நம் தோட்டத்தில் சம்சுவில் மூழ்கிக் கிடந்த ஒருவர், முருகனுக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டு நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்தார். குடியை விட்டார், புகையை விட்டார், இருட்டுமுன் உண்டு உறங்கினார். தைப்பூசம் முடிந்தபின் அவர் முகத்தில் தெளிவு இருந்ததை நாம் கண்டோம். குடியை விட்டதால் வந்த தெளிவு அது என்று நாம் சொல்லலாம், சொல்வதும் மெய்யே. ஆனால் அந்த நாற்பத்தெட்டு நாளும் அவருக்குத் துணை நின்றவர் யார்? கோயிலார். நாம் அவருக்குக் கொடுத்தது யாது? "மூடன்" என்ற பட்டம் ஒன்றே. கடவுள் இல்லை என்று முழங்கிவிட்டு இரவில் சம்சுப் புட்டியைத் திறக்கும் தோழரும் நம்மிடையே உண்டு. அவருடைய ஈரல் அவருடைய கொள்கையைக் கேட்டு மகிழ்ந்துவிடப் போவதில்லை.

இப்பொழுது அந்த ஒற்றைக்காலரைப் பற்றிக் கூறுவோம். முப்பதாண்டுகள் செம்பனைக் குலை வெட்டியவர் அவர். சர்க்கரை நோய் உண்டென்று கண்டு மாத்திரை கொடுத்திருந்தனர். ஒருநாள் மட்டையின் முள் பாதத்தில் தைத்தது. புண் ஆறவில்லை. குறி சொல்லும் ஒருவர், "இது அம்மன் சோதனை, இருபத்தொரு நாள் மஞ்சளும் திருநீறும் போடு, மாத்திரையை நிறுத்து, இரண்டையும் கலந்தால் அம்மன் விலகிவிடுவாள்" என்றார். பெரியவர் விடுப்புக் கேட்டு நம் மேசைக்கு வந்தார். காரணம் யாதென்று கேட்டோம். "வேண்டுதல், கிராணி ஐயா" என்றார். "வேண்டுதல்" என்று தாளில் எழுதிக் கொடுத்தவர் நாமே. காலைக் குனிந்து பார்க்கவில்லை. பத்தொன்பதாம் நாள் காய்ச்சலில் நினைவிழந்தவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றனர். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டனர்.

வீடு திரும்பியபின் பார்க்கச் சென்றோம். "உயிரைக் காப்பாற்றினது அம்மாதான், கிராணி ஐயா" என்றார். நாம் மறுக்கவில்லை, காலிழந்தவரிடம் வாதம் புரிந்து வெல்வது வெற்றியாகாது. ஆனால் அவர் மனைவியார் கூறிய ஒரு சொல் நம்மைச் சுட்டது. அந்தப் பத்தொன்பது நாளும் குறிகாரர் மாலைதோறும் வீட்டிற்கு வந்து அருகில் உட்கார்ந்தாராம். வேறு ஒருவரும் வரவில்லையாம். சீர்திருத்தச் சங்கத்தார் அறுபது பேர் இருக்கிறோம். அவர் வீடு நம் மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரம். பொய்யான மருந்தைக் கொடுத்தவர் மெய்யான துணையைக் கொடுத்தார். மெய்யான மருந்தை அறிந்த நாம் அந்த வாயிற்படியை மிதிக்கவில்லை. குறிகாரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுக, ஆட்சேபமில்லை. பக்கத்தில் நமக்கும் இடம் விடுக.

இஃது ஒருவர் கதையன்று. 2019-ஆம் ஆண்டு நடந்த தேசிய நலக் கணக்கெடுப்பில், இந்நாட்டில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இந்தியரை மட்டும் எண்ணினால் 31.4 விழுக்காடு, ஏறத்தாழ மூவரில் ஒருவர்! பெரிபெரிக் காலத்தில் நோய் தமிழரை விட்டு விலகி நின்றது. இன்று சர்க்கரை தமிழரைத் தேடி வருகின்றது. அன்று விலகியதை அருள் என்றால், இன்று வருவதைச் சாபம் என்று சொல்ல வேண்டும். கோயில்களோ குறையவில்லை, காவடிகளும் குறையவில்லை. அன்று காத்தது உணவு. இன்று கெடுப்பவற்றுள் பிறவிக்கூறும் உண்டு. உணவும், உடலுழைப்புக் குறைந்த வாழ்வும், காலத்தே சோதித்துப் பாராமையும் உண்டு. பிறவிக்கூற்றை நாம் மாற்ற இயலாது. மற்றவற்றை மாற்ற இயலும். பெரியம்மையை அம்மன் வருகை என்று அஞ்சி, ஊசி குத்திக்கொள்ளாது ஒளிந்தவர் நம் முன்னோருள் பலர். ஊசி வென்றது, பெரியம்மை உலகினின்று ஒழிந்தது என 1980-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. எந்த அம்மனும் கோபித்துக்கொண்டு ஊரை விட்டுப் போய்விடவில்லை.

ஆத்திக அன்பர்களே! நம்பிக்கை துயருற்றார்க்கு ஆறுதல் தருகிறது என்பீர்கள். தருகிறது, அதனைப் பறிக்க நாம் வரவில்லை. ஆறுதல் வேறு, மருந்து வேறு என்பதே நம் வழக்கு. மேலும் ஒன்று. "பக்தி செய்; இரத்த அழுத்தம் குறையும்" என்று உங்கள் மேடையில் பேசுகிறவர், கடவுளை மருந்துக்கடைப் புட்டியாக்கிவிடுகிறார். புட்டி பலிக்காவிடில் நோயாளி யாரைப் பழிப்பான்? தன்னையே பழிப்பான். "என் பக்தி போதவில்லை" என்று குமைந்து சாவான். நோயின் சுமைமேல் பழியின் சுமையையும் ஏற்றுவது அருளாகுமா?

சீர்திருத்தத் தோழர்களே! கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கு நெடுங்காலம் நடக்கும்; நடக்கட்டும். பெரியவரின் மற்றொரு கால் அத்தீர்ப்புக்காகக் காத்திராது. ஆகவே இரு தரப்பாரிடமும் நாம் வேண்டுவது இதுவே. கோயில் குழுவினர் திருவிழாவன்று அன்னதானப் பந்தலுக்கு அருகில் இரத்தத்தில் சர்க்கரை பார்க்க ஒரு மேசை போடட்டும். விரதத்திலும் மாத்திரையை நிறுத்தலாகாது, மருத்துவரைக் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்க என்று பூசாரியே ஒலிபெருக்கியில் சொல்லட்டும். அவர் சொன்னால் நூறு பேர் கேட்பர், நாம் சொன்னால் பத்துப் பேர் கேட்பர். சங்கத்தார் வாரம் ஒரு மாலை வாதத்தை நிறுத்திவிட்டு, நோயுற்றார் வீடுகளுக்கு இருவர் இருவராகச் செல்லட்டும்.

நம் பங்கிற்கு நாம் ஒன்று செய்யத் தொடங்கியுள்ளோம். "வேண்டுதல்" என்று விடுப்புக் கேட்டு வருகிறவரை இப்பொழுது உட்காரச் சொல்கிறோம். வேண்டுதல் எதற்காக என்று கேட்கிறோம். பிறகு காலைக் காட்டச் சொல்கிறோம்.