நிறுத்தம் ஊருக்கு, பேருந்து யாருக்கு?

மாலைப் பொழுதில் கெங்கவல்லிப் பேருந்து நிலையத்தில் காத்து நிற்பவர்களின் பேச்சைச் செவிமடுத்தால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும்: “இதை யாரிடம் போய்ச் சொல்வது?” பச்சைமலை அடிவாரத்துச் சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவியர் கடைசி வகுப்பு முடியுமுன்னரே எழுந்து செல்வதை நாம் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். தொடக்கத்தில் கடிந்துகொண்டோம். அந்த வண்டியை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான் என்று அறிந்தபின் கடிவதை விட்டுவிட்டோம். வருகைப் பதிவேட்டுக்கு அந்தக் காரணம் தெரியாது.

மக்கள் முதலில் நாடுவது பேரூராட்சி உறுப்பினரைத்தான். வாக்குக் கேட்டு வாசலுக்கு வந்தவர் அவர். அவரோ கையை விரிப்பார். அதில் பொய்யில்லை. 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று பன்னிரண்டாம் அட்டவணையில் 18 இனங்களை அடுக்குகிறது. சாலைகளும் பாலங்களும் அதில் உண்டு. தெருவிளக்கு, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றோடு சேர்த்து, ஒரே இனத்தில் பேருந்து நிறுத்தமும் உண்டு. பேருந்து மட்டும் இல்லை. நிழற்குடை கட்டலாம், அதைப் பெருக்கலாம், விளக்குப் போடலாம். வண்டி வருமா என்று கேட்கும் அதிகாரம் கெங்கவல்லிக்குக் கிடையாது. வழித்தட உரிமம் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்திடம், கட்டணம் மாநில அரசிடம், அரசு வண்டிகளின் கால அட்டவணை போக்குவரத்துக் கழகத்திடம்.

இந்த ஏற்பாட்டை ஒரேயடியாகப் பழிப்பதும் நேர்மையாகாது. 1970களில் பேருந்துகள் நாட்டுடைமையானபோது சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகம் 1973இல் பிறந்தது. இலாபமுள்ள தடத்தின் வருவாயைக் கொண்டு இலாபமற்ற தடத்தையும் ஓட்ட முடிந்ததால்தான் தனியார் எட்டிப் பாராத ஊர்களுக்கும் வண்டி போயிற்று. 1997இல் கழகங்களின் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீங்கின. இன்றைய சேலம் கழகம் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டங்களுக்குப் பொதுவானது. நான்கு மாவட்டத்துக்குப் பொதுவான ஒன்றிடம் ஒரு பேரூராட்சியின் குரல் எந்த அளவுக்குக் கேட்கும் என்பதே நம் ஐயம்.

2021 மே முதல் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதற்கான தொகையை அரசு கழகங்களுக்கு ஈடுசெய்கிறது. நல்ல திட்டம், நம் மாணவியர் பலருடைய படிப்பு அதனால் தொடர்கிறது. ஆனால் தனியார் பேருந்தோ சிற்றுந்தோ மட்டும் ஓடும் தடத்தில் வாழும் பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. எந்தத் தடத்தில் அரசு வண்டி ஓடும் என்று முடிவு செய்பவரே, எந்த ஊர்ப் பெண்ணுக்கு அந்தச் சலுகை என்பதையும் முடிவு செய்துவிடுகிறார். அவர் நம் வாக்குக்கு நேராக விடை சொல்ல வேண்டியவர் அல்லர்.

மேயர்கள் உள்ள இடத்தில் நிலை வேறா? தமிழ்நாட்டில் 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் மக்கள் மேயர்களை நேரடியாகத் தேர்ந்தார்கள். 2006, 2022 ஆகிய ஆண்டுகளில் மாமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தார்கள். 2016 அக்டோபருக்குப் பின் ஐந்தாண்டுக்கும் மேலாக நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட எவருமே இல்லை. எப்படித் தேர்வது என்று மாறி மாறிச் சட்டம் செய்தவர்கள், தேர்ந்தவர் கையில் எதைக் கொடுப்பது என்று பேசவில்லை. எவ்வழியில் வந்தாலும் சேலம் மேயரிடம் ஒரு பேருந்துகூட இல்லை. மும்பையிலும் அகமதாபாத்திலும் 1947 முதல் பேருந்துகள் மாநகராட்சியைச் சார்ந்தவை. எனினும் மும்பையின் பெஸ்ட் நிறுவனம் சொந்த வண்டிகள் குறைந்து, ஒப்பந்த வண்டிகளையும் மாநகராட்சி மானியத்தையும் நம்பி நிற்கிறது. நிலையான நிதியின்றிப் பொறுப்பை மட்டும் கையளித்தால் நட்டம்தான் கைமாறும்.

நிதியோடு கையளித்ததற்கு அண்மைய சான்று இங்கிலாந்தில் கிடைக்கிறது. அங்கே 1986இல் இலண்டனுக்கு வெளியே பேருந்துகள் தனியார் விருப்பத்துக்கு விடப்பட்டன. மான்செஸ்டர் வட்டாரத்தின் பத்து உள்ளாட்சிகள் 2011இல் ஒரு கூட்டு ஆணையமாயின. 2017இல் அதற்கு நேரடியாகத் தேர்வான மேயராக ஆண்டி பர்னம் வந்தார். 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் அவ்வட்டாரப் பேருந்துகள் அனைத்தும் ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. வண்டியை ஓட்டுவது இன்றும் தனியார்தான். தடம், நேரம், கட்டணம் ஆணையத்துடையவை. நடுவணரசின் மானியத்தோடு உள்ளூர் வரியின்மீது மேயர் விதிக்கும் மேல்வரியும் அவ்வாணையத்துக்கு உண்டு. வரி கேட்பவரும் வண்டிக்கு விடை சொல்பவரும் ஒருவரே.

மேல்வரி என்றதும் அயல்நாட்டுப் புதுமை என்று எண்ண வேண்டியதில்லை. தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் மக்களிடம் மேல்வரி திரட்டி, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894இல் இரயில் பாதையே போட்டது. ஓட்டியது தென்னிந்திய இரயில்வே, உடைமை போர்டுக்கு. அந்நியர் ஆட்சியில் ஒரு ஜில்லா போர்டால் இயன்றது இன்று ஒரு பேருந்துத் தடத்துக்கும் இயலாதென்றால், மேடைதோறும் உத்திரமேரூர்க் குடவோலையைப் புகழ்ந்து என்ன பயன்?

கெங்கவல்லிக்குத் தனியே பேருந்து வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. ஒரு பேரூராட்சியால் அது தாங்காது. சேலம் மேயருக்கு அதிகாரம் கூடினாலும் அது மாநகர எல்லையோடு நின்றுவிடும். ஆத்தூர், நரசிங்கபுரம் நகராட்சிகளும், கெங்கவல்லி, தம்மம்பட்டி, செந்தாரப்பட்டி, தெடாவூர், வீரகனூர் பேரூராட்சிகளும், இடைப்பட்ட ஊராட்சிகளும் சேர்ந்து ஒரு போக்குவரத்து மன்றம் காணலாம். மாநில அரசு இன்று கழகத்துக்கு நேரே தரும் ஈட்டுத் தொகையில் இவ்வட்டாரத்தின் பங்கை அம்மன்றத்தின் வழியே தரட்டும். மன்றம் தடத்தையும் நேரத்தையும் சொல்லட்டும்; கழகம் அதை ஒப்பந்தப்படி ஓட்டட்டும். ஓடாத நடைக்குப் பணம் இல்லை என்று சொல்லும் உரிமை மன்றத்துக்கு இருக்க வேண்டும். ஊழியரின் ஊதியமும் ஓய்வூதியமும் மாநிலப் பொறுப்பிலேயே நீடிக்க வேண்டும். அவற்றைச் சிற்றூர்களின் தலையில் சுமத்துவது அதிகாரப் பகிர்வு ஆகாது.

இத்தகைய மன்றமும் தவறு செய்யும். உறவினர் வீட்டு வாசலுக்குத் தடத்தைத் திருப்பும் உறுப்பினரும் வருவார். ஆயினும் அவர் யாரென்று ஊருக்குத் தெரியும். அடுத்த தேர்தலில் அவர் அதே வாசலுக்கு வந்தாக வேண்டும். பேருந்து நிலையத்தில் நிற்கும் மாணவிக்கு வண்டி உடனே வராமற்போனாலும், யாரிடம் போய்ச் சொல்வது என்ற கேள்விக்கேனும் ஒரு பெயர் விடையாகக் கிடைக்கும்.